விழுப்புண்ணும் விழுத்துணையும்
(காயமுற்ற படைவீரர்க்குத் தோள் கொடுத்த தொண்டர்கள் குறித்து ஒரு கட்டுரை)

முன்னுரை

வீரத்தைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. களத்தில் மாண்டவனுக்குக் கல் நட்டு வழிபட்ட இனம் நம்முடைய இனம். கொங்கு நாட்டின் ஊர்ப்புறங்களிலும் ஆற்றங்கரைகளிலும் இன்றும் நடுகற்களைக் காண்கின்றோம். முதுகிற் படாது மார்பிற் பட்ட புண்ணை ‘விழுப்புண்’ என்று பெயரிட்டு மதித்தனர் நம் முன்னோர். திருவள்ளுவர் படைச்செருக்கு என ஓர் அதிகாரமே வகுத்தார்.

எனினும் ஒரு வினா எழுகின்றது. மாண்ட வீரனுக்குக் கல் உண்டு, பாட்டு உண்டு. மாளாது மீண்டவனுக்கு என்ன உண்டு? காலை இழந்து, கையை இழந்து, முதுகுத் தண்டு முறிந்து, முப்பது வயதில் ஊர் திரும்பிய ஒருவன் எஞ்சிய நாற்பது ஆண்டுகளை எவ்வாறு கழிப்பான்? நடுகல் ஒரு நாள் நடப்படுவது. துணையோ நாள்தோறும் வேண்டப்படுவது. அத்துணையைத் தம் ஓய்வுக்காலத்தின் பணியாக ஏற்றுக்கொண்ட பெருமக்களைப் பற்றியும், அப்பணி நம் பகுதியில் எவ்வாறு நிகழ வேண்டும் என்பது பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

வெலிங்டனிலிருந்து சில்ஹெட் வரை

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் குன்னூரை அடுத்து வருவது வெலிங்டன். 1758ஆம் ஆண்டில் வேர்கொண்ட மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையமும், முப்படை அதிகாரிகள் பயிலும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியும் அங்கேயே உள்ளன. 1971ஆம் ஆண்டின் இறுதியில் அக்கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த அதிகாரிகளுள் ஒருவர் மேஜர் இயான் கார்டோசோ. பம்பாயிற் பிறந்து, தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பயின்று, ஐந்தாம் கூர்க்கா ரைபிள்ஸ் படையில் சேர்ந்தவர். அவரது பெயர் கூர்க்கா வீரரின் நாவிற்கு வாராமையால் அவர்கள் அவரைக் ‘கார்த்தூஸ் சாகிப்’ என்று அழைத்தனர். கார்த்தூஸ் என்றால் தோட்டா.

அவ்வாண்டு டிசம்பரில் இந்திய-பாகிஸ்தான் போர் மூண்டது. அவரது படையணியின் துணைத் தளபதி களத்தில் வீழ்ந்தார். அவ்விடத்தை நிரப்புமாறு வெலிங்டனிலிருந்த கார்டோசோவுக்கு ஆணை வந்தது. நீலமலையின் குளிரிலிருந்து புறப்பட்டவர் சில நாள்களில் சில்ஹெட் களத்தில் நின்றார். இந்தியப் படை ஹெலிகாப்டர்களின் வழியே வீரர்களை இறக்கி நடத்திய முதல் தாக்குதல் எனப் போற்றப்படும் போர் அது. தம்மினும் பன்மடங்கு பெரிய படையை அப்படையணி எதிர்கொண்டு நின்றது.

அங்கே கண்ணிவெடி ஒன்றின்மீது கார்டோசோவின் கால் பட்டது. கால் சிதைந்து தொங்கியது. வலி தணிக்கும் மருந்தும் இல்லை. அறுவைக் கருவியும் இல்லை. தொங்கிய காலை வெட்டிவிடுமாறு தம் உதவியாளரான கூர்க்கா வீரரை வேண்டினார். அவர் மனம் ஒப்பவில்லை. கார்டோசோ அவரது குக்ரி வாளைக் கேட்டு வாங்கித் தம் காலைத் தாமே வெட்டினார். வெட்டிய காலைப் புதைத்துவிடுமாறும் கூறினார்.

இதற்குப்பின் நிகழ்ந்ததே நம் மாணவர்கள் ஊன்றி நோக்கத்தக்கது. அவருக்கு உடனடியாக அறுவை மருத்துவம் தேவைப்பட்டது. அருகில் இருந்த அறுவை மருத்துவரோ சிறைபிடிக்கப்பட்ட பாகிஸ்தான் படையைச் சேர்ந்த மேஜர் முகம்மது பஷீர். பகைநாட்டு மருத்துவரின் கையால் மருத்துவம் பெறக் கார்டோசோ முதலில் தயங்கினார். மேலதிகாரியின் வற்புறுத்தலால் பின்னர் இசைந்தார். பஷீர் தம் கடமையைச் செவ்வனே செய்து அவர் உயிரைக் காத்தார். தம்மைக் காத்த அம்மருத்துவருக்கு நேரில் நன்றி கூற இயலாமற் போனதைக் கார்டோசோ பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். போரில் எதிரெதிர் நின்ற இருவருள் ஒருவர் மற்றவரின் உயிரைக் காத்த இந்நிகழ்ச்சி, காயமுற்றவனுக்கு நாடும் இனமும் சமயமும் கேளாது உதவுதலே அறம் என்பதை நமக்கு உணர்த்துகின்றது.

மரக்கால் தடையன்று

காலிழந்த அதிகாரிக்கு மேசைப் பணியே உரியது; படையணியை நடத்தும் தலைமை உரியதன்று என்பது அக்காலத்து நடைமுறை எண்ணம். கார்டோசோ அதனை ஏற்கவில்லை. உடற்தகுதித் தேர்வுகளில் இருகால் உடையாரோடு ஓடி அவருட் பலரை முந்தினார். அன்றைய தரைப்படைத் தலைவர் ஜெனரல் டி.என். ரெய்னாவிடம் நேரில் முறையிட்டார். உயர்ந்த மலைப்பகுதியில் அவர் நடப்பதைக் கண்டறிந்த பின்னரே அவருக்குப் படையணித் தலைமை வழங்கப்பெற்றது. இந்தியத் தரைப்படையில் ஒரு காலாட்படையணிக்கும், பின்னர் ஒரு பிரிகேடுக்கும் தலைமையேற்ற முதல் போர் ஊனமுற்ற அதிகாரி எனப் போற்றப்படுகின்ற அவர், மேஜர் ஜெனரலாக உயர்ந்து 1993இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பின் அவர் வாளாவிருக்கவில்லை. மூளை முடக்குவாதம் உற்ற குழந்தைகளுக்காக இயங்கிய வட இந்திய அமைப்பொன்றில் சேர்ந்து தொண்டாற்றினார். 2005 முதல் 2011 வரை இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் தலைவராக விளங்கினார். ஊனமுற்றோர்க்குப் பயிற்சியளிக்கும் ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் முதலியோரின் படிப்பை நெறிப்படுத்துவது, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அக்குழுமத்தின் கடமை. தாம் பெற்ற காயம் தமக்கே உரியது என்று எண்ணாமல், ஊனம் என்னும் நிலையிலுள்ள எல்லார்க்கும் உரிய கல்வியாக அதனை அவர் மாற்றினார் எனலாம். பரம்வீர் சக்கரம் பெற்றோரின் வரலாறுகளை அவர் நூலாகத் தொகுத்தளித்ததும் மறத்தற்கு அரிய தொண்டு. 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் கேம் கரன் பகுதியில் எதிரியின் டாங்கிகளைத் தகர்த்து உயிர்நீத்த ஹவில்தார் அப்துல் ஹமீது, 1987ஆம் ஆண்டு இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் போன்றோரின் வரலாறுகளை இளைஞர்கள் அறிய அத்தகைய நூல்கள் துணைசெய்கின்றன.

நிறுவனமாக வளர்ந்த நெஞ்சுரம்

தனி ஒருவரின் துணிவு போற்றத்தக்கது. அத்துணிவு பலர்க்குப் பயன்பட வேண்டுமாயின் அமைப்பாக வளர வேண்டும். இதனை நன்குணர்ந்தவர் லெப்டினன்ட் ஜெனரல் விஜய் ஒபராய். மராத்தா காலாட்படையைச் சேர்ந்த அவர் 1965ஆம் ஆண்டில், இளம் அதிகாரியாக இருந்தபோதே, காயமுற்று வலக்காலை இழந்தவர். எனினும் படையிலேயே நிலைத்து நின்று, தரைப்படைத் துணைத்தலைவர் என்னும் உயர்நிலையை எய்தி, 2001இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே, 2002இல், போரிற் காயமுற்றோர்க்கான அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கி அதன் தலைவராகத் தொண்டாற்றினார்.

அத்தகைய உயர்பதவி வகித்த ஒருவருக்கு வேறு இருக்கைகள் கிடைத்திரா என்பதில்லை. ஆயினும், பெயர் தெரியாத சிப்பாய்களும் நாயக்குகளும் ஊர்ப்புறங்களில் என்ன ஆனார்கள் என்று தேடிச் செல்லும் பணியை அவர் மேற்கொண்டார். தாமும் செயற்கைக் காலில் நடந்தவராதலின் அவரது சொல்லுக்கு வீரரிடையே தனி மதிப்பு இருந்தது. காலிழந்தவனிடம் கால் உள்ளவன் கூறும் ஆறுதல் ஒருவகை; காலிழந்தும் படையின் துணைத்தலைவராக உயர்ந்தவர் கூறும் ஊக்கம் மற்றொரு வகை.

இவ்வழியில் அடுத்த தலைமுறையினரும் வந்துள்ளனர். 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரில் 527 பேர் உயிர் நீத்தனர். 1,363 பேர் காயமுற்றனர். உயிர் நீத்தோரை நாடு ஆண்டுதோறும் நினைக்கின்றது. காயமுற்றோரின் எண்ணிக்கை அதனினும் இரு மடங்கிற்கு மேற்பட்டது என்பதை நினைப்பார் சிலரே. அவருள் ஒருவரான மேஜர் டி.பி. சிங் இறந்தார் எனக் கருதப்பட்டு உயிர் பிழைத்தவர். ஒரு காலை இழந்த பின் செயற்கைக் காலுடன் நெடுந்தொலை ஓட்டங்களில் ஓடி, காலிழந்தோர் ஒருவரையொருவர் ஊக்குவிப்பதற்கென 2011இல் ஒரு குழுவையும் அமைத்தார்.

துணை கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு முரளிகாந்த் பெட்கரின் வாழ்க்கை சான்று. 1965 போரில் குண்டுபட்டு முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட அவர், நீச்சற் பயிற்சி மேற்கொண்டு 1972ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடைபெற்ற பாராலிம்பிக்கில் ஐம்பது மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியாவுக்குப் பாராலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம் அதுவே. ஆயினும் பத்மஸ்ரீ விருது அவரை அடைந்தது 2018இல்தான். நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்த அத்தாமதம் நம் சமுதாயத்தின் மறதிக்கு அளவுகோல்.

நம் தமிழ்நாட்டிலும் இதனோடு உறவுடைய வரலாறு ஒன்று உண்டு. கோவையில் பொறியியல் பயின்ற எஸ். ராமகிருஷ்ணன், 1975ஆம் ஆண்டு சனவரியில் பெங்களூரில் நடந்த கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தார். படைமருத்துவரான ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல் அவருக்கு மருத்துவமும் ஊக்கமும் அளித்தார். அந்நன்றியை மறவாத ராமகிருஷ்ணன் தம் சொந்த ஊரான ஆய்க்குடியில் 1981இல் ‘அமர் சேவா சங்கம்’ என அவர் பெயராலேயே அமைப்பை நிறுவினார். கழுத்துக்குக் கீழ் அசைவற்ற ஒருவர் கட்டியெழுப்பிய அவ்வமைப்பு, ஊனமுற்ற எண்ணற்ற குழந்தைகளுக்கு வாழ்வளித்து வருகின்றது. 2020ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

அரசு செய்வதும் எஞ்சி நிற்பதும்

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் முறையன்று. முதல் உலகப்போர்க் காலத்தில், 1917இல், காயமுற்ற வீரர்க்குத் தொழில் கற்பிக்கும் நிலையம் புனேயை அடுத்த கிர்க்கியில் தொடங்கப்பெற்றது. 1944இல் புனேயில் செயற்கை உறுப்பு நிலையம் அமைந்தது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோர்க்கான மறுவாழ்வு இல்லம் 1974இல் கிர்க்கியில் ஏற்பட்டது. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாள் கொடிநாளாகக் கொள்ளப்படுகின்றது. 2003 முதல் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் நடைமுறையில் உள்ளது. கோவையிலும் அதன் மருத்துவ நிலையம் இயங்குகின்றது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர்க்கு வேலை வழங்கும் ‘டெக்ஸ்கோ’ நிறுவனம் 1986இல் தோன்றியது. ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ என்னும் கோரிக்கை 2015 நவம்பரில் ஆணையாகி, 2014 சூலை முதல் நடைமுறைக்கு வந்தது.

இத்தனையும் இருக்கத் தொண்டர் எதற்கு என்னும் ஐயம் எழலாம். அதற்கு விடை காண்போம்.

முதலாவது, படைவீரன் பிறரைப்போல் அறுபது வயதில் ஓய்வு பெறுபவன் அல்லன். சிப்பாய்களிற் பெரும்பாலோர் நாற்பது வயதை ஒட்டியே வீடு திரும்புகின்றனர். பிள்ளைகள் பள்ளியிற் படிக்கும் பருவம் அது. 2022இல் தொடங்கப்பெற்ற அக்னிபத் திட்டத்தின்கீழ்ச் சேர்வோருள் நாலில் ஒரு பங்கினர்க்கு மேற்படாதோரே நிலைத்த பணி பெறுவர். ஏனையோர் நான்கே ஆண்டுகளில் வெளியேறுவர். ஆகவே வழிகாட்டுதல் வேண்டுவோர் தொகை இனிப் பெருகுமேயன்றிக் குறையாது.

இரண்டாவது, சட்டத்தின் இயல்பு. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்தல் கூடாது என்று 1995ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகின்றன. ஆனால் படையின் போர்ப்பணியாளர்க்கு இவ்விதி பொருந்தாது என அரசு விலக்கு அளித்துள்ளது. எனவே அலுவலகத்தில் எழுத்தராய் உள்ளவர் விபத்தில் காலிழந்தால் அவரது வேலை சட்டத்தால் காக்கப்படும். எல்லையில் காலிழந்த சிப்பாய்க்கு அக்காப்பு இல்லை. மருத்துவக் குழுவின் முடிவின்படி அவன் வீட்டிற்கு அனுப்பப்படலாம். கார்டோசோவும் ஒபராயும் பணியில் நிலைத்தமை அவர்தம் தனி ஆற்றலாலும் மேலோரின் நல்லுள்ளத்தாலும் நிகழ்ந்தது. எல்லார்க்கும் அது வாய்ப்பதில்லை.

மூன்றாவது, ஓய்வூதியத்தின் நுட்பம். பணிக்காலத்தில் நேர்ந்த நோயாலோ விபத்தாலோ ஊனமுற்றவனுக்கு ஊன ஓய்வூதியம் உண்டு. பகைவருடன் போரிட்டுக் காயமுற்றவனுக்குப் போர்க்காய ஓய்வூதியம் உண்டு. இது அதனினும் மிகுதி. ஒருவனுக்கு நேர்ந்தது எவ்வகை என்பதை அவன் ஆவணத்தில் எழுதப்பட்ட ஒரு வரியே முடிவு செய்கின்றது. அவ்வரி பிழைபட்டால் வாழ்நாள் முழுவதும் இழப்பு. ஊனத்தின் அளவு ஐம்பது விழுக்காட்டிற்குக் குறைந்திருப்பின் ஐம்பதாகவும், அதற்கு மேல் எழுபத்தைந்து வரை இருப்பின் எழுபத்தைந்தாகவும், அதற்கும் மேற்பட்டிருப்பின் நூறாகவும் கொள்ளும் முறை 1996 சனவரி முதல் உண்டு. தொடக்கத்தில் ஊனம் காரணமாக இடையில் அனுப்பப்பட்டவர்க்கே அது வழங்கப்பெற்றது. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றோர்க்கும் அது பொருந்தும் என 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. படையினர் வழக்குகளுக்கெனவே 2009 முதல் இயங்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு ஒன்று சென்னையில் உள்ளது. இவையனைத்தையும் காங்கயத்திலோ கோபியிலோ உள்ள ஒரு முதிய நாயக் யார் வாயிலாக அறிவார்? அறிந்தவர் ஒருவர் எடுத்துக் கூறினால் அன்றோ அவர் அறிவார்!

நான்காவது, பெயர்ச் சிக்கல். இது பிறர் நோக்கிற்குச் சிறிதாகத் தோன்றும், உரியவர்க்கோ பெருந்துன்பம். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்வது நம் வழக்கம். படை ஆவணத்திலோ அது விரித்து எழுதப்படும். ஊரின் பெயரும் வேறு எழுத்துக்களில் பதியப்படும். மனைவியின் பெயர் வீட்டில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் வேறொன்று என அமைவதும் உண்டு. கணவன் உயிரோடு இருக்கும்வரை இவ்வேறுபாடு வெளிப்படுவதில்லை. அவன் மறைந்த பின் குடும்ப ஓய்வூதியம் கோரி அவள் செல்லும்போதுதான், ஆவணத்திலுள்ள பெண் அவளே என்பதை அவளே மெய்ப்பிக்க வேண்டிய நிலை ஏற்படுகின்றது. ‘ரெக்கார்ட்ஸ்’ என்று வீரர்கள் வழங்கும் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தோடு அவள் கடிதம் எழுதிப் போராட வேண்டும். அக்கடிதங்களோ தமிழில் வருவதில்லை. இன்று ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ என்னும் கணினி முறைக்கு மாறியுள்ளமையின், உயிர்ச்சான்று அளிப்பதும் கணினி வழியே நிகழ்கின்றது. கைரேகை தேய்ந்த முதியோர்க்கு அதுவும் ஓர் இடர்ப்பாடு.

மேற்கூறிய இடைவெளிகளை நிரப்புதற்கே தொண்டர் வேண்டும். அரசு ஆணை பிறப்பிக்கும். அவ்வாணையை வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்ப்பவர் தொண்டரே.

நாம் செய்யத்தக்கன

கோவையும் அதனைச் சூழ்ந்த கொங்கு மாவட்டங்களும் படையோடு நெருங்கிய உறவுடையவை. சூலூரில் விமானப்படைத் தளம், கோவையில் கடற்படையின் ‘அக்ராணி’ பயிற்சி நிலையம், மலைமேல் வெலிங்டன் என முப்படைகளும் நம்மைச் சூழ்ந்துள்ளன. ஆகவே கல்லூரிகளுக்கு இதில் தனிக் கடமை உண்டு.

தேசிய மாணவர் படையிலும் நாட்டு நலப்பணித் திட்டத்திலும் உள்ள மாணவர்கள் தத்தம் ஊரில் உள்ள முன்னாள் வீரர்களையும் வீரர்தம் கைம்பெண்களையும் கண்டு பேசலாம். அவர்தம் டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் ஓய்வூதிய ஆணையிலும் ஆதார் அட்டையிலும் பெயரும் பிறந்த நாளும் ஒத்துள்ளனவா என ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு பிற்பகலும் கூர்ந்த பார்வையும் போதும். வேறுபாடு காணப்படின், வீரர் உயிரோடு இருக்கும்போதே திருத்தம் கோரி விண்ணப்பிக்கச் செய்தல் வேண்டும். பின்னாளில் ஒரு கைம்பெண் பல ஆண்டுகள் அலைவதை அந்த ஒரு பிற்பகல் தடுக்கும்.

மொழித்துறை மாணவர்க்கு மற்றொரு பணி உண்டு. ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும் கடிதங்களைத் தமிழில் விளக்குதலும், தமிழில் கூறுவதை முறையான விண்ணப்பமாக வரைதலும் மொழி கற்றோர்க்கு உரிய தொண்டே. முதிய வீரர்தம் நினைவுகளைக் கேட்டு எழுதி வைத்தலும் வேண்டும். 1962, 1965, 1971 ஆகிய போர்களைக் கண்டோர் அருகி வருகின்றனர். அவர் வாய்மொழி பதிவு பெறாது போயின் நம் ஊர் வரலாற்றின் ஒரு பகுதி மறையும்.

ஊர்ப் பெரியோர்களும் ஜமாஅத், சங்கம், மன்றம் முதலியவற்றின் பொறுப்பாளர்களும் கருதத்தக்கது ஒன்றுண்டு. கொடிநாளில் உண்டியலில் இடும் காசு நன்று. கால் இழந்து வந்த இளைஞனுக்குத் தம் கடையிலோ ஆலையிலோ மதிப்பான வேலை ஒன்று அளித்தல் அதனினும் நன்று. இரக்கம் அவன் வேண்டுவதன்று. இயல்பாக வாழ ஓர் இடம், அதுவே அவன் வேண்டுவது.

முடிவுரை

கார்டோசோவும் ஒபராயும் அவர் வழிவந்தோரும் நமக்கு உணர்த்தும் பாடம் தெளிவானது. அவர்கள் தமக்கு நேர்ந்த இழப்பை எண்ணி முடங்கவில்லை. அதே இழப்பை உற்ற பிறரை நோக்கித் திரும்பினர். பதவி முடிந்த இடத்தில் அவர்தம் தொண்டு தொடங்கியது. அத்தொண்டிற்கு ஊதியமில்லை, சீருடையுமில்லை.

பெரும் பெயர் பெறாத தொண்டர்கள் நம் பகுதியிலும் உள்ளனர். விண்ணப்பத்தாள் கட்டுகளுடன் பேருந்தேறி, மாவட்ட அலுவலகத்தின் பெஞ்சில் பிறர்பொருட்டுக் காத்திருக்கும் முன்னாள் சுபேதார்களையும் ஹவில்தார்களையும் நாம் கண்டிருப்போம். அத்தகையோரை அடுத்த கொடிநாளில் நம் கல்லூரி மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவோம். பொன்னாடையோடு நில்லாது, அவர்தம் கையிலுள்ள தாள்களிற் பாதியை நம் மாணவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். விழுப்புண் பட்டோர்க்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதை அதுவேயாகும்.